மறித்தும் நிற்காமல் ஓடினால் பொலிஸ் சுடலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. உங்கள் மச்சான் ஒருநாள் இரவு பதினொரு மணி போல கொழும்புக்கு அருகே வத்தளைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். பொலிஸ் மறித்திருக்கிறது. கையில் லைசன்ஸ் இல்லை, வண்டிக்கு வருடாவருடம் எடுக்கிற ரெவனியூ லைசன்ஸும் காலாவதி. பயத்தில் நிறுத்தாமல் முறுக்கிக்கொண்டு போய்விட்டார். பின்னால் ஒரு வெடிச்சத்தம். ஆளுக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற சார்ஜன்ட், "ஓடினால் சுடச் சட்டமே இடம் குடுக்குது, முழங்காலுக்குக் கீழே சுட்டால் ஒருத்தரும் கேள்வி கேட்க ஏலாது" என்கிறார். அது சரியா என்பது உங்கள் கேள்வி. இரண்டாம் தரம் வாசித்தபோது அதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாகப் பட்டது: ஓடிவிட்டதால், மச்சானின் உயிருக்குச் சட்டம் கொடுக்கிற பாதுகாப்பு போய்விட்டதா? போகவில்லை. அந்தச் சார்ஜன்ட் சொன்னதில் பாதி பிழை, மற்றப் பாதி இன்னும் பெரிய பிழை. ஆனால் அவர் அதை ஆகாயத்திலிருந்து எடுக்கவில்லை. சட்டத்தில் ஒரு பழைய ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் என் பதில் நேர்மையாக இராது.

நான் இருபத்தாறு வருடமாகக் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் குற்றவியல் வழக்குப் பேசுகிறவன். பெரும்பாலும் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு. இரண்டு மூன்று வழக்கில் பொலிஸ்காரருக்காகவும் நின்றிருக்கிறேன். சூடுபட்டு இறந்தவரின் குடும்பத்துக்காக மரண விசாரணையில் நின்றது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். ஆகவே ஒரு பக்கச் சாய்வு என்னிடம் இருக்கலாம், கழித்துக்கொண்டு வாசியுங்கள். இது உங்கள் மச்சானின் வழக்குக் கோவையைப் பார்த்துச் சொல்லும் ஆலோசனையும் அல்ல.

முதலில் நிச்சயமான பகுதி. இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 23ஆம் பிரிவு கைது எப்படிச் செய்வது என்று சொல்கிறது. கைது செய்பவர் ஆளின் உடலைத் தொட வேண்டும் அல்லது அடைத்து நிறுத்த வேண்டும், அவர் தானாகச் சரணடைந்தால் அது தேவையில்லை. என்ன குற்றச்சாட்டுக்காகக் கைது என்பதையும் சொல்ல வேண்டும். ஆள் பலவந்தமாக எதிர்த்தாலோ தப்பப் பார்த்தாலோ, கைதைச் செய்து முடிக்க நியாயமான அளவில் அவசியமான வழிகளைக் கையாளலாம். சார்ஜன்டின் மனதில் இருப்பது இந்த வசனம்தான். பொலிஸ் பயிற்சியில் எல்லோரும் கேட்ட வசனம். ஆனால் அதே பிரிவில் அடுத்து வருகிற வசனத்தை யாரும் அவ்வளவு ஞாபகம் வைத்திருப்பதில்லை. மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் மரணத்தை விளைவிக்க இந்தப் பிரிவு எந்த உரிமையும் கொடுக்காது என்று அது சொல்கிறது. இனி மச்சானின் குற்றத்தை எடுங்கள். லைசன்ஸ் இல்லாதது, ரெவனியூ லைசன்ஸ் புதுப்பிக்காதது, மறித்தபோது நிற்காதது. இவற்றில் எதற்கும் தூக்குத் தண்டனை இல்லை. ஆகவே அவரைக் கொன்றாவது பிடிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மணல் ஏற்றிய டிப்பர், மாடு கடத்தும் வண்டி, கசிப்புக்காரர், பிடியாணைக்குப் பயந்து வேலி தாண்டுகிறவர், கோயில் உண்டியல் உடைத்தவர், யாரானாலும் இதே கணக்குத்தான். ஆள் தப்பிப் போனால் போகட்டும், நாளைக்குப் பிடிக்கலாம் என்பதே இந்தப் பிரிவின் முடிவு.

சரி, அப்படியானால் ஓட்டை எங்கே? அந்த வசனத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவரானால் என்ன? அவரைப் பற்றிப் பிரிவு பேசாமல் விட்டுவிடுகிறது. இது நம்முடைய ஊரில் பிறந்த யோசனை இல்லை. இங்கிலாந்தின் பழைய வழக்காற்றுச் சட்டத்தில் பாரதூரமான குற்றம் என்றால் அனேகமாக எல்லாவற்றுக்கும் தூக்குத்தான். பிடித்தாலும் சாகப்போகிறவன், ஓடும்போது செத்தால் என்ன என்பது அந்தக் காலத்து மனக்கணக்கு. அதோடு அப்போது விரட்டுகிறவர் கையில் இருந்தது வாளோ கம்போ, நூறு கெஜத் தூரத்திலிருந்து கொல்லும் துவக்கு இல்லை. கிட்டப்போய் மல்லுக்கட்டும்போதுதான் கொலை நடக்கும். பிரித்தானியர் அந்த விதியைக் கொஞ்சம் செதுக்கி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் மரண தண்டனையோடு ஆயுள் தண்டனைக் குற்றத்தையும் சேர்த்து எழுதினார்கள், அங்கே 2023இல் வந்த புதிய சட்டத்திலும் அந்த வாசகம் அப்படியே தொடர்கிறது. நம்முடையதில் மரண தண்டனை மட்டும். அந்த அளவில் நமது ஓட்டை சின்னது.

அமெரிக்காவில் இந்தப் பழைய விதி எப்படி உடைந்தது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் பார்க்கும் அமெரிக்கக் காணொளிகளை வைத்தே நம் பிள்ளைகள் நிறையப் பேர் சட்டம் பேசுகிறார்கள். 1974 ஒக்டோபர் 3, மெம்பிஸ் நகரம், இரவு பத்தே முக்கால் மணியளவில். ஒரு வீட்டில் திருடன் புகுந்திருக்கிறான் என்று அழைப்பு. பொலிஸ்காரர் பின்வளவுக்குப் போகிறார். ஆறடி உயரக் கம்பிவலை வேலியின் அடியில் ஒரு பையன் குந்தியிருக்கிறான். டோர்ச் வெளிச்சத்தில் முகமும் கைகளும் தெரிகின்றன. கையில் ஆயுதம் இல்லை என்று அந்தப் பொலிஸ்காரருக்கு ஓரளவு நிச்சயம், பின்னால் அவரே அப்படிச் சொன்னார். "பொலிஸ், நில்" என்கிறார். பையன் வேலியில் ஏறுகிறான். தாண்டிவிட்டால் பிடிக்க முடியாது என்று நினைத்துச் சுடுகிறார். குண்டு தலையின் பின்பக்கம். பையனுக்கு வயது 15. அவனிடம் இருந்தது ஒரு பணப்பையும் பத்து டொலரும். டென்னசி மாநிலச் சட்டம், தப்பி ஓடுகிறவரைப் பிடிக்க அவசியமான எல்லா வழிகளையும் கையாளலாம் என்று சொல்லியிருந்தது. தகப்பன் வழக்குப் போட்டார். 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: ஆயுதம் இல்லாத, ஆபத்து விளைவிக்காத சந்தேகநபர் ஓடுகிறார் என்பதற்காக மட்டும் சுட்டுக்கொல்வது அரசியலமைப்புக்கு முரண். அவர் தப்பினால் பொலிஸ்காரருக்கோ மற்றவர்களுக்கோ உயிராபத்து அல்லது பாரதூரமான காயம் வரும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால்தான் சுடலாம், முடிந்தால் முதலில் எச்சரிக்க வேண்டும். டென்னசி எதிர் கார்னர் என்று சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் படிப்பிக்கிற வழக்கு. ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2005இல் நச்சோவா எதிர் பல்கேரியா வழக்கில், ஆயுதமின்றித் தப்பியோடிய இரண்டு இளம் சிப்பாய்களைச் சுட்டது பற்றி, ஆபத்தில்லாத ஆளைப் பிடிக்கும் சந்தர்ப்பம் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை, உயிர்போகும் பலத்தைப் பாவிக்கக் கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இலங்கையில் இப்படி 23ஆம் பிரிவை நேரடியாக நிறுத்துப் பார்த்து ஓட்டையை அடைத்த ஒரு தீர்ப்பை நான் உங்களுக்குக் காட்ட முடியாது. ஆனால் ஓட்டையைச் சுற்றிலும் சுவர் எழும்பியிருக்கிறது. நமது அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை என்று தனியாக ஒரு உறுப்புரை இல்லை. 13(4)ஆம் உறுப்புரையில், தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளை இல்லாமல் எவரையும் மரண தண்டனையாலோ சிறையாலோ தண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது. 2003இல் ஸ்ரியானி சில்வா எதிர் இத்தமல்கொட வழக்கில், பொலிஸ் காவலில் இறந்த ஒருவரின் மனைவி போட்ட மனுவில், நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் இந்த எதிர்மறை வாசகத்தைத் திருப்பி வாசித்தது: நீதிமன்றம் வேறுவிதமாகக் கட்டளையிட்டாலன்றி ஒருவருக்கு உயிரோடு இருக்க உரிமை உண்டு என்பதே இதன் பொருள். இறந்தவருக்காக மனைவி வழக்காட முடியும் என்பதும் அந்த வழக்கில்தான் உறுதியானது. நான் தொழிலுக்கு வந்த ஆரம்ப வருடங்கள் அவை. அதற்கு முன்னர் இறந்தவரின் உரிமை இறந்தவரோடு போச்சு என்று சொல்லித் திருப்பி அனுப்பிய சீனியர்களை எனக்குத் தெரியும். இதற்கு மேலே, 1980இல் இலங்கை சேர்ந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை இருக்கிறது. 1990இல் ஹவானாவில் ஏற்றுக்கொண்ட ஐ.நா. துப்பாக்கிப் பாவனைக் கோட்பாடுகள் இருக்கின்றன. உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லும் நோக்கோடு சுடலாம் என்பது அவற்றின் 9ஆவது கோட்பாடு. அவை இங்கே சட்டமாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், எது நியாயமான அளவு என்று வாதாட நாங்கள் அவற்றையே எடுத்து நீட்டுகிறோம்.

இதில் சந்தேகத்துக்குரிய இடம் ஒன்று, மறைக்காமல் சொல்கிறேன். மரண தண்டனைக்குரிய குற்றங்கள் என்றால் கொலை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். போதைப்பொருள் சட்டத்துக்கு 1984இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள். 2022இல் ஐஸ் என்கிற மெதம்பெட்டமின் 5 கிராமுக்கும் அதே நிலை வந்தது. 2 கிராம் என்பது ஒரு தேக்கரண்டி சீனியின் பாதி. கொழும்பின் எந்த ஒழுங்கையிலும் அந்த அளவோடு ஓடுகிற பையன்களைக் காணலாம். எழுத்தை எழுத்தாக மட்டும் வாசித்தால், 23ஆம் பிரிவின் அந்தத் தடை அவர்களுக்கு உதவாது. இத்தனைக்கும் இந்த நாட்டில் 1976 ஜூன் மாதத்துக்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிடவில்லை. நீதிபதி விசாரித்துத் தீர்த்த கொலைகாரனையே அரசாங்கம் கொல்வதில்லை, விசாரிக்காத பையனை ஒரு கொன்ஸ்டபிள் கொல்லலாமா? என் வாதம் இரண்டு. பிரிவு சொல்வது "குற்றம் சாட்டப்பட்டவர்", வெறும் சந்தேகநபர் இல்லை. பையனின் பொக்கட்டில் இருப்பது எத்தனை கிராம் என்று ஓடும்போது யாருக்கும் தெரியாது. அரசாங்கப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்த பிறகுதான் தெரியும். இரண்டாவது, தடை இல்லை என்றால் அனுமதி உண்டு என்று ஆகாது. "நியாயமான அளவில் அவசியமான" என்ற நிபந்தனை அப்போதும் அப்படியே நிற்கிறது. இது நல்ல வாதம் என்று நம்புகிறேன். ஆனால் இது என் வாதம், உயர் நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உண்மையில் பொலிஸ்காரர்கள் நீதிமன்றத்தில் 23ஆம் பிரிவின் பின்னால் ஒளிவது அபூர்வம். அவர்கள் நிற்பது தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவிலிருந்து தொடங்கும் தற்காப்பு உரிமையில். அது எனக்கும் உங்களுக்கும் இருக்கிற அதே உரிமை, காக்கிச் சட்டைக்கு மேலதிகமாக எதுவும் இல்லை. மரணமோ கொடுங்காயமோ வரும் என்று நியாயமாகப் பயப்படக்கூடிய தாக்குதல் வந்தால், எதிராளி இறக்கும் அளவுக்குக்கூடப் பதில் கொடுக்கலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கும். வாளோடு பாய்ந்தவன் வாளைப் போட்டுவிட்டு ஓடினால் ஆபத்து முடிந்தது. துவக்கைக் கையில் வைத்துக்கொண்டே சனக்கூட்டத்துக்குள் ஓடினால் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லா வழக்கும் நடக்கிறது. இன்னொன்று, இப்படியான விதிவிலக்கைக் கோருகிற எதிரிதான் அதை நிரூபிக்க வேண்டும் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்கிறது. சுட்டவர் பொலிஸ்காரர் என்றாலும் அதுதான். அதோடு கொலைக்குரிய 294ஆம் பிரிவில் பொது ஊழியருக்கென்று ஒரு விதிவிலக்கு உண்டு: சட்டபூர்வமானது, கடமைக்கு அவசியமானது என்று நல்லெண்ணத்தோடு நம்பி, பகைமை எதுவும் இல்லாமல், அதிகாரத்தை மீறிக் கொன்றுவிட்டால் அது கொலையாகாமல் கொலையல்லாத மனிதக்கொலையாகக் குறையும். குறையும் என்றுதான் சொன்னேன், விடுதலை இல்லை.

சரி, முழங்காலுக்கு வருவோம். "முழங்காலுக்குக் கீழே" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இது பொலிஸ் நிலையத்துக்கும் தேநீர்க் கடைக்கும் இடையில் எங்கோ பிறந்த விதி. ரி-56 துவக்கின் ரவை விநாடிக்கு எழுநூறு மீட்டர் அளவில் போகிறது. முழங்காலுக்குப் பின்பக்கத்துக் குழியில் ஒரு பெரிய நாடி ஓடுகிறது, தொடையில் அதைவிடப் பெரியது. அது அறுந்தால் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர முன்னமே இரத்தம் வடிந்து முடிந்துவிடும். "காலுக்குத்தான் சுட்டோம்" என்பது கொல்லும் எண்ணம் இல்லை என்று காட்டக் கொஞ்சம் உதவலாம், சுட்டது சட்டபூர்வம் என்று காட்ட உதவாது. டயருக்குச் சுடுவதும் அப்படித்தான். ஓடுகிற மோட்டார் சைக்கிளின் டயர் நாலு அங்குல அகலம்கூட இல்லை. அதற்கு ஒரு சாண் மேலே ஓட்டுகிறவரின் கால், அதற்கு மேலே பின்னால் இருப்பவரின் முதுகு. இரவில், பதற்றத்தில், நகரும் இலக்குக்கு டயரைக் குறிவைத்தேன் என்கிற பொலிஸ்காரரை ஒரு தடவை குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். மைதானத்தில் அசையாமல் நிற்கிற இலக்கில் கடைசியாக எப்போது சுட்டீர்கள் என்று கேட்டேன். பதிலுக்கு அவர் கூண்டின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வானத்தை நோக்கிச் சுடுவதும் விளையாட்டில்லை, மேலே போன ரவை எங்கோ இறங்கத்தான் வேண்டும். வத்தளையில் அது யாரோ ஒருவரின் கூரை.

நிற்காமல் போன வண்டிக்குச் சுட்டதில் நமக்கெல்லாம் மறக்க முடியாதது 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் நடந்தது. மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். முதலில் வந்த கதை விபத்து என்பது. பிரேத பரிசோதனையில் ஒருவரின் உடலில் சூட்டுக் காயம் இருந்தது தெரியவந்த பிறகுதான் கதை மாறியது, ஐந்து பொலிஸ்காரர்கள் கைதானார்கள். அந்த வழக்கின் மற்ற விடயங்களுக்குள் நான் போகவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று மட்டும்: விபத்து என்ற கதையை உடைத்தது ஒரு சட்ட வைத்திய அதிகாரியின் மேசை.

ஓடுகிறவரைச் சுடுவதைவிட இப்போது கொழும்பில் அதிகம் கேள்விப்படுவது ஏற்கெனவே பிடிபட்டவரைச் சுடுவது. கதையின் அமைப்பு உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும்: ஒளித்துவைத்த ஆயுதத்தைக் காட்டக் கூட்டிப் போனோம், துவக்கைப் பறிக்கப் பார்த்தார், சுட்டோம். 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தைத் தொடர்மாடியில் பாதாள உலகக்காரர் மாகந்துரே மதுஷ் இறந்தது காவலில் இருந்தபோது, ஒரு கும்பலோடு பொலிசுக்கு நடந்த துப்பாக்கிச் சண்டையில் என்றார்கள். 2021 மே மாதம் சில நாட்களுக்குள் இரண்டு பேர் இதேபோல் இறந்தபோது சட்டத்தரணிகள் சங்கமே பகிரங்கமாகக் கண்டித்தது. 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனைக் கொலையில் பிடிபட்ட இருவரும் கைதாகிச் சில மணித்தியாலத்தில் இறந்தார்கள். இவற்றில் எது உண்மையான தற்காப்பு, எது இல்லை என்று நான் வீட்டிலிருந்து தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் சட்டத்தில் இது ஓடுகிறவரின் நிலையைவிடப் பொலிசுக்குக் கஷ்டமான நிலை. ஆள் உங்கள் கையில், விலங்கு உங்கள் கையில், எந்த நேரம் எங்கே கூட்டிப் போவது என்பதும் உங்கள் முடிவு. அந்த ஆபத்தை உண்டாக்கியது யார் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். கொட்டாஞ்சேனைச் சம்பவத்துக்கு அடுத்த நாள் நீதிமன்றத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "நல்ல வேலை செய்தாங்க" என்றார். அவருடைய மகனின் பிணை விண்ணப்பத்துக்குத்தான் நான் அன்று வந்திருந்தேன்.

சூடு முதுகில் பட்டிருந்தால் கொலை நிரூபணமாகிவிட்டது என்று சனம் நினைக்கிறது. அவ்வளவு இலகு இல்லை. பல வருடத்துக்கு முன் ஒரு குடும்பத்துக்காக நின்றேன். பெயரும் பொலிஸ் நிலையமும் வேண்டாம். பிரேத பரிசோதனை அறிக்கையோடு மனித உடலின் முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டோவியமாக அச்சிட்ட ஒரு தாள் வரும், வைத்தியர் அதில் காயங்களைப் பேனையால் குறிப்பார். அந்தத் தாளில் பின்பக்க உருவத்தின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு சின்ன வட்டம், முன்பக்க உருவத்தில் நெஞ்சில் ஒரு பெரிய ஒழுங்கற்ற வட்டம். இறந்தவரின் அண்ணன் அதை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். பொலிஸ்காரர் சொன்னது, கத்தியோடு என்னை நோக்கி வந்தான் என்று. எனக்கு அந்த நிமிடம் வழக்கு வென்ற மாதிரி. ஆனால் சட்ட வைத்திய அதிகாரி குறுக்கு விசாரணையில் ஒத்துக்கொண்டார்: விசையை அழுத்த முடிவெடுத்ததற்கும் ரவை உடலில் படுவதற்கும் இடைப்பட்ட அரை விநாடியில் ஒரு ஆள் முதுகைத் திருப்ப முடியும். கடைசியில் எங்களுக்கு உதவியது முதுகுக் காயம் இல்லை. சேட்டில் வெடிமருந்துக் கரி இல்லை, ஆகவே சுட்டது கிட்டத்திலிருந்து இல்லை. வெற்று ரவைக் கோதுகள் கிடந்த இடத்துக்கும் இரத்தம் கிடந்த இடத்துக்கும் இருபத்தேழு அடி. கத்தியோடு வந்தவர் இருபத்தேழு அடிக்கு அப்பால் என்ன செய்தார்? அந்தச் சேட்டை ஆஸ்பத்திரியில் ஒரு அற்றென்டன்ட் குப்பையில் போடாமல் கடதாசிப் பையில் வைத்திருந்தார். அவர் இல்லாவிட்டால் வழக்கே இல்லை.

இதனால்தான் சொல்கிறேன், இப்படியான வழக்குகள் முதல் இரண்டு மூன்று நாளில் வெல்லப்படுகின்றன அல்லது தோற்கப்படுகின்றன. காவலில் ஒருவர் இறந்தால் பொறுப்பான அதிகாரி உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும், நீதவான் உடலைப் பார்த்து விசாரிக்க வேண்டும் என்று நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 371ஆம் பிரிவு சொல்கிறது. திடீர் மரண விசாரணை அதிகாரி மட்டும் வந்து ஒப்பமிட்டுவிட்டுப் போகிற விடயமல்ல. குடும்பம் ஒரு சட்டத்தரணியை வைத்து அந்த விசாரணையில் தோன்றலாம், சாட்சிகளைப் பற்றி நீதவானிடம் சொல்லலாம், பிரேத பரிசோதனையைச் சட்ட வைத்திய அதிகாரியே செய்ய வேண்டும் என்று கேட்கலாம். சந்தேகம் இருக்கும்போது உடலை எரிக்கவே கூடாது, புதையுங்கள். இந்து முறைப்படி எரிக்க வேண்டும் என்று அவசரப்படுகிற பெரியவர்களோடு சண்டைபிடித்திருக்கிறேன். இந்த விசாரணைகள் நடக்கின்றனவே என்று இப்போது சாதாரணமாக நினைக்கிறோம். 1983இல் அவசரகால விதி ஒன்று மரண விசாரணை இல்லாமலே உடல்களை அப்புறப்படுத்த இடம் கொடுத்தது, என் தலைமுறைக்கு அது மறக்காது. அப்புறம் கெடு: அடிப்படை உரிமை மீறல் மனுவை 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்று 1996இன் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. ஆனால் வெறும் முறைப்பாட்டுத் துண்டைக் காட்டினால் போதாது, விசாரணை உண்மையில் நடந்தது என்று காட்டு என்று உயர் நீதிமன்றம் கேட்கிறது. ஆகவே ஆணைக்குழுவை நம்பி மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

பொலிஸ் பக்கத்தையும் ஒரு வார்த்தை. நான் பேசிய ஒரு சப் இன்ஸ்பெக்டர் சொன்னார், இரவு இரண்டு மணிக்கு மறித்த கார் உங்கள் மேலே ஏறுவதுபோல் வந்தால் சட்டப் புத்தகம் ஞாபகம் வராது, வீட்டில் இருக்கிற பிள்ளை ஞாபகம் வரும் என்று. அது உண்மை. வண்டியே ஆயுதமாகும் கணம் உண்டு. ஆனால் வண்டி அவரைத் தாண்டிப் போன பிறகு, பின்விளக்கைப் பார்த்துச் சுட்டால், அந்தப் பிள்ளையின் ஞாபகம் அவருக்கு உதவாது. வண்டியின் முன் கண்ணாடியில் துளையா, பின் கண்ணாடியில் துளையா என்று பார்ப்பது அதற்குத்தான்.

இனி உங்கள் மச்சான். வெடிச்சத்தம் என்பது சூடா, வண்டியின் சைலன்சர் வெடித்ததா என்று உங்களுக்கும் நிச்சயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சூடு என்றால் அந்த நிலையத்தில் ரவைக் கணக்கும் தகவல் புத்தகப் பதிவும் இருக்க வேண்டும், ஒவ்வொரு ரவைக்கும் அவர்கள் கணக்குக் காட்டியாக வேண்டும். மறிக்கும்போது இலக்கத்தைக் குறித்திருந்தால் வீட்டுக்கு ஆள் வரும், வராமலும் போகலாம். வருவதற்கு முன் ரெவனியூ லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டு, ஒரு சட்டத்தரணியோடு பகலில் போய் வாக்குமூலம் கொடுப்பது நல்லது. நிற்காததற்கும் லைசன்ஸ் இல்லாததற்கும் தண்டப்பணம் கட்ட வரும், அதைக் கட்டத்தான் வேண்டும். ரவை வண்டியில் எங்காவது உரசியிருக்கிறதா என்று மட்கார்ட்டின் உட்பக்கத்தையும் நம்பர் பிளேட்டையும் ஒருதரம் பாருங்கள். அடையாளம் ஏதும் இருந்தால் கழுவாமல் படமெடுத்து வையுங்கள், கராஜில் கொடுத்து விடாதீர்கள். மச்சானைத் தனியாக அனுப்ப வேண்டாம்.